பாங்கு சொன்ன பிறகும்

"பட்டினியா கிடக்கட்டும்னு சொன்னேன்ல? யாரு சாப்பாடு போட்டது?" டாக்டர் ராதியா கத்திக்கொண்டே நுழைந்தாள்.

உதவியாளன் மோன்ஜிக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான்! நேத்திலேருந்து அதுங்க ஒண்ணுமே சாப்பிடல. சாயங்காலம் மஃரிப் பாங்கு சொன்னதும் நீங்க மட்டும் ஷொர்பா சூப் குடிச்சு நோன்பு திறக்க ஓடிட்டீங்க. ரமலான்ல இப்படியா வதைப்பாங்க?"

"அறிவிருக்கா? சாப்பாடே அதுங்களை 'வளரு'ன்னு உசுப்பிவிடும். இனி என் மருந்தாலதான் வளருதுன்னு எப்படி நிரூபிப்பேன்? மூணு மாச உழைப்பு நாசம்!"

மோன்ஜி விறைப்பாகக் கண்ணாடித் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தான். எலிக்குட்டியின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த தசைச் செல்கள், மோன்ஜி ஊற்றிய ஊட்டத் திரவத்தில் கொழுகொழுவென்று துடித்துக்கொண்டிருந்தன.

"பாருங்க, எவ்வளவு தெம்பா இருக்குதுங்க!"

ராதியா பல்லைக் கடித்தாள். "நோன்பு திறக்க வச்சிட்டேல்ல? அப்படியே இரவுத் தொழுகைக்கும் கூட்டிட்டுப் போ!"