கரண்ட் குடிக்காத மெஷின்

"அஞ்சு ஸ்டார் ஒட்டிட்டா ஆச்சா? எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருக்கறதுக்குப் பக்கத்துலகூட இது வர முடியாது!" சக்கரபாணி வாஷிங் மெஷினின் கதவைப் பட்டென்று சாத்தினார்.

சாரம் பகுதியில் இருந்த அந்த வீட்டு உபயோகப் பொருள் கடையில் கவிநிலா விற்பனைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இவ்வளவு பிடிவாதமான ஆளை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் காலைப் போணியை நழுவவிட அவளுக்கும் மனமில்லை.

"முன்பக்கமா துணி போடுற மாடல் சார். மத்ததவிட தண்ணி ரொம்பக் கொஞ்சமாத்தான் எடுக்கும். கரண்ட்டும் கம்மி."

"கம்மியா? எங்களது கரண்ட்டே குடிக்காதும்மா. கரண்ட் போனாகூட நிக்காது!"

இன்வெர்ட்டரில் ஓட்டுகிறார் போலிருக்கிறது என்று கவிநிலா நினைத்துக்கொண்டாள்.

அவருடைய மனைவி நிர்மலா, வலது மணிக்கட்டில் கட்டுடன் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் எப்டி?" என்றார் சக்கரபாணி.

"ஓடுறதே தெரியாது சார்."

"எங்களது மட்டும் என்ன? இத்தன வருஷத்துல ஒரு சத்தம் இல்ல, ஒரு ரிப்பேர் இல்ல."

நிர்மலா தலையை நிமிர்த்திக் கணவனைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"உங்க ஏரியாவுல உப்புத் தண்ணின்னா, அதுக்கும் தாங்கும் சார்."

"மூலக்குளத்துல போர் தண்ணிதான். அதுலயே என் சட்ட எப்டி இருக்குன்னு பாத்துக்க."

கவிநிலா பார்த்தாள். பொய்யில்லை. வெள்ளைச் சட்டை, காலர் மடிப்பில்கூட அழுக்கின் சுவடு இல்லாமல் பளீரென்று இருந்தது.

"அப்போ புதுசு எதுக்கு சார்?" கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு? இவதான் ஒத்தக்கால்ல நிக்கறா. பொண்ணு வேற போன்ல ஏத்தி உட்டுட்டா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பார்த்துவிட்டுப் போவதா? கவிநிலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருக்கோம் சார். பழசக் குடுத்துட்டு இத எடுத்துக்கோங்க. எங்க ஆளுங்களே வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சக்கரபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டியா நிர்மலா? ஆள் வெச்சுத் தூக்கிட்டுப் போறாங்களாம்!"

நிர்மலா சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கவிநிலாவும் விடுவதாக இல்லை. "சிரிக்காதீங்க சார். அப்டி என்ன மெஷின் அது? எந்தக் கம்பெனி? அதயாவது சொல்லுங்க."

சக்கரபாணி வாயெடுப்பதற்குள் நிர்மலா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான்தாம்மா அது. இன்னியோட நின்னுபோச்சு, நீ பில்லப் போடு."