ஆறின பிறகு சொல்லு

ஒரு கனமான மோட்டார் சைக்கிளுக்கு மறுநாள் மலைப்பாதைப் பயணம். இரண்டு பேர், மூன்று பைகள். அத்தனை பாரத்தையும் தாங்க, பின் டயரில் காற்றழுத்தம் நாற்பத்திரண்டு பவுண்டு இருக்க வேண்டும். குறைந்தால் வளைவில் வண்டி ஆடும்.

வெயிலில் நெடுந்தூரம் ஓடி வந்து நின்றதுமே, பின் டயர் காற்றடிக்கும் பம்பைக் கூப்பிட்டது.

"உங்க மீட்டர் முள்ளைப் பாருங்கக்கா, சரியா நாற்பத்திரண்டு! ரெண்டு பேர் என்ன, நாலு பேரையும் தூக்குவேன்."

"ஓடி வந்தாலே இவனுக்கு வாய் நீண்டுடும்," என்றது முன் டயர்.

பம்பு சிரித்தது. "உடம்பு கொதிக்குது உனக்கு. சூட்டுல காத்து உப்பிக் காட்டும்ப்பா. ஆறட்டும், காலையில கேக்கறேன்."

விடிந்தது. பைகள் வாசலுக்கு வந்துவிட்டன.

"இப்ப எவ்வளவு?" என்றது பம்பு.

பின் டயர் யாரையும் பார்க்காமல், "முப்பத்தாறு" என்றது.

"நாலு பேரா?" என்று கேட்டது முன் டயர்.

"ரெண்டு பேருக்கே பயமா இருக்குக்கா," என்றது பின் டயர், பம்பிடம்.

பம்பு மெல்லக் குழாயை நீட்டியது.

"சரி, வாயைத் திற."