மறுபடி வந்த செய்தி

சலீம், மேனேஜர் பிரபாகரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவர் இரும்பு ரேக்கில் மோதி விழுந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். சலீம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடப்பாரையை ஓங்கினான்.

"ஆகுரா, நில்லுடா! மெஷின் மேல ஒரு அடி வுழுந்துச்சு, உன்னைப் போலீஸ்ல குடுத்துடுவேன்!"

"குடு சார். அதுக்கு முன்னாடி இவன் கை வெளிய வரட்டும்."

பிரஸ்ஸின் இரண்டு சூட்டுத் தகடுகளுக்கு நடுவே எழிலரசனின் வலது கை முழங்கைவரை மாட்டியிருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்த நொடியில், ரப்பர் ஷீட்டை எடுக்கப் போன கையோடு பிரஸ் மூடிக்கொண்டுவிட்டது. சத்தியவேடு ரோட்டு ஃபேக்டரியின் அந்த ஷெட் முழுக்க ரப்பர் வாடையோடு தோல் தீயும் வாடையும் கலந்திருந்தது.

சைரன் தானாக அடித்தது. அந்த பிரஸ்ஸுக்குப் போகும் கரண்டும் தானாக நின்றது. ஆனால் உள்ளே இருந்த எண்ணெயின் அழுத்தம் இறங்கவில்லை. அதை இறக்கும் வால்வு இறுகிப்போய்க் கிடந்தது.

"மெஷின் கம்பெனிக்காரனுக்குச் சொல்லிட்டேன், சலீம். சென்னைலேர்ந்து கெளம்பிட்டான். அவன் வந்துதான் தெறக்கணும்."

"அவன் வர்றதுக்குள்ள இவன் வறுவலாயிடுவான் சார்."

எழிலரசன் தலையைத் தூணில் மோதிக்கொண்டு அலறினான். "அண்ணா, வெட்டிடுண்ணா! கைய வெட்டிடு!"

"சும்மா கெடடா. சாயங்காலம் எந்தக் கையால துன்னுவே?"

கண்ட்ரோல் ரூமிலிருந்து ஓடிவந்த மோனிகா அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மெஷின்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் புரோகிராம் அவள் எழுதியது. ஆபத்து என்று ஒரு மெஷின் மெசேஜ் அனுப்பினால் சைரனை அடித்துக் கரண்டை நிறுத்துவது அதுதான். "இவரு அப்பாவைக் கூப்பிடட்டுமா அண்ணா?"

எழிலரசனின் தகப்பன் பக்கிரிசாமிக்கும் அதே ஷிஃப்ட். எதிரே புது ஷெட்டில் தனியாளாக இன்னொரு பிரஸ்ஸை டிரையல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம் மேடம். புள்ளைய இந்தக் கோலத்துல பாத்தா அவரு இங்கியே வுழுந்துடுவாரு. இவன எடுத்தப்புறம் நானே மெதுவா சொல்றேன்."

சலீம் வால்வின் மேல் அடித்தான். கடப்பாரை வழுக்கி அவன் முழங்காலைப் பெயர்த்தது. மறுபடி அடித்தான். எண்ணெய் ஹோஸ் பிளந்து, கொதிக்கும் எண்ணெய் அவன் தோளிலும் கழுத்திலும் பீறிட்டது. கத்திக்கொண்டே, விடாமல் இன்னொரு அடி கொடுத்தான்.

கீழ்த் தகடு தடாலென்று இறங்கியது.

வெளியே வந்த கையை மோனிகா பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் டிரைவர் எழிலரசனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உயிருக்கு ஒண்ணும் இல்ல" என்றதும் பிரபாகரே விசும்பி அழுதார்.

வண்டி காளஹஸ்தி பக்கம் திரும்பி மறைந்தது. உதட்டில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு பிரபாகர் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். தோளில் ஈரத்துணியோடு சலீமும் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"பிரஸ்லேர்ந்து ஆபத்து மெசேஜ் கரெக்டா வந்துச்சாம்மா? மேல கேப்பாங்க."

"கரண்ட் வந்த உடனே வந்துடுச்சு சார். மெஷின் ஆன் ஆனதும் அனுப்பின மொத மெசேஜே இதுதான். நம்பர் ஒண்ணு." மோனிகா ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டினாள். "அதே மெசேஜ் மறுபடியும் வந்துச்சு. லைப்ரரி வேணாம்னு தள்ளிடுச்சு."

"அது யாரு மேடம் லைப்ரரி?" என்றான் சலீம்.

"யாரும் இல்லண்ணா, ரெடிமேடா கிடைக்கிற புரோகிராம். எந்த ஊரு மெஷினா இருந்தாலும் ஒரே மாதிரி கவர்ல மெசேஜ் அனுப்பும். கவர் மேல மெஷின் பேரு, நம்பர் இருக்கும். அந்த ரெண்டும் முன்னாடி வந்த கவர்ல இருந்த மாதிரியே இருந்தா, அது வந்த மெசேஜே திரும்ப வருதுன்னு அர்த்தம். லைன் சரியில்லன்னா அப்படி வரும்."

"பிரிச்சுக்கூடப் பாக்காதா?"

"பாக்காது. பாத்தா ஒரு ஆபத்துக்கு ரெண்டு சைரன் அடிக்கும்."

"கில்லாடிதான். நம்ம போஸ்ட்மேன விட உஷாரு." வலியிலும் சலீம் சிரித்தான்.

"புது ஷெட்டுக்கும் இதே ஏற்பாடுதானே?" என்று கேட்டார் பிரபாகர்.

"இதேதான் சார். பழைய பிரஸ் செட்டிங்கை ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன். நேத்தே வேலை முடிஞ்சிடுச்சு."

"வெரிகுட்மா. இன்னிக்கு ஒரு உசுரக் காப்பாத்திட்டே."

மோனிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை அழவிட்டு, சலீம் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"பக்கிரி அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். கை போனாலும் புள்ள இருக்கான்னு சொன்னா மனசு தேத்திக்குவாரு."

நொண்டிக்கொண்டே அவன் முற்றத்தைக் கடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. புது ஷெட்டின் கதவைத் தள்ளி உள்ளே போனான். பிரபாகர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோனிகாவிடம் நீட்டினார்.

அவள் குடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. சலீம்தான்.

"சொல்லிட்டீங்களா அண்ணா? தாங்கிக்கிட்டாரா?"

நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸின் பம்ப் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சலீமின் குரல் வந்தது.

"ரெண்டாவது மெசேஜு இவரோடது, மேடம்."