போகாத தடம்

கணினி விளையாட்டில் ஓடும் உருவங்களுக்குப் பின்னால் சில சமயம் புகைபோல ஒரு தடம் இழுபடும். நகர்கிற பொருளுக்கு மட்டும் வருகிற கோளாறு அது. அதை நீக்குவதுதான் அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குத் 'துடைப்பம்' என்றே பெயர்.

சோதனைக்காகத் தன் வீட்டுக் கூடத்தையே கணினியில் அச்சு அசலாக வரைந்து வைத்திருந்தார். கதவு, ஜன்னல், ஏழு மாதம் முன்பு இறந்துபோன மனைவியின் நாற்காலி. தன் நாற்காலியை வரையத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சோதனைப் பிரிவுப் பெண் போன் செய்தாள்.

"சார், உங்க கூடத்துல மட்டும் ஒரு தடம் போகமாட்டேங்குது. கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவுல போயிட்டுப் போயிட்டு வருது."

"அங்க நகர்றதுக்கு எதுவுமே இல்லையேம்மா."

"அதான் சார் நானும் மண்டைய உடைச்சுக்கிறேன்."

தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தார். தடம் மறையவில்லை. கதவுவரை போய் நின்றது, யாரையோ எதிர்பார்த்தது போலத் திரும்பியது.

சாயங்காலம் தன் நாற்காலியையும் வரைந்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "சூப்பர் சார்! தடம் சுத்தமா போயிடுச்சு."

"போகலம்மா," என்றார். "உக்காந்துட்டா."