செத்தவரின் பேர்

மழையில் சுவர் இடிந்து கணவன் செத்துப்போன லூர்துமேரியின் வீட்டுக்குக் கட்சித் தலைவர் கேமராக்களோடு வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"அண்ணே, படம் சரியா விழல. இன்னொரு தடவை" என்றான் போட்டோக்காரன்.

தலைவர் மறுபடியும் கண் கலங்கினார். லூர்துமேரி கையை உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள். வெளியூரிலிருந்து வந்து குவிந்திருந்தவர்களில் பாதிப்பேர் "தலைவர் வாழ்க" என்றும், மீதிப்பேர் "வேஷக்காரன் ஒழிக" என்றும் கத்திக்கொண்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

"நிறுத்துங்கடா! காலையிலேருந்து அந்தாளு பேரையே கத்துறீங்களே, செத்தவரு பேரு ஒருத்தனுக்காவது தெரியுமா?"

சட்டைகளைப் பிடித்திருந்த கைகள் விலகின.

"பேரு என்னம்மா?" என்று நிருபர் ஒருவன் மைக்கை நீட்டினான். அவள் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். உடனே இரண்டு கூட்டத்தின் செல்போன்களும் ஒன்றாக அவள் பக்கம் உயர்ந்தன.