குடும்பப் பெயர்

"லேப்டாப்ல ஒரு கோளாறும் இல்ல மேடம்," என்றார் பழுது பார்க்கும் கடைக்காரர் ஞானதுரை. "நேத்து வந்த அப்டேட்டுக்கு அப்புறம் ஓனர் குரல் கேட்டாத்தான் ஆன் ஆகும்."

"நான்தானே ஓனர்? என் சம்பளத்துல வாங்குனது."

"குடும்பப் பெயர்ங்கிற கட்டத்துல யார் பேரைப் போட்டீங்க?"

பூங்கொடிக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் ஏது குடும்பப் பெயர்? எல்லோரையும் போல அவளும் அந்தக் கட்டத்தில் புருஷன் பெயரை எழுதித் தொலைத்திருந்தாள். விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. இன்று மதியத்துக்குள் மொழிபெயர்ப்பை அனுப்பாவிட்டால் வேலை போய்விடும்.

முன்னாள் புருஷன் மகுடபதியைக் கைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"'திறக்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சொல்றேன். முதல்ல நீ சொல்லு, 'தப்பெல்லாம் என் மேலதான்'னு."

ஞானதுரை கீழே விழாத திருகாணியைத் தேடிக் குனிந்துகொண்டார்.

அவள் சொன்னாள்.

"திறக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவன் இணைப்பைத் துண்டித்தான். திரை ஒளிர்ந்தது.

'வணக்கம், மகுடபதி. பூங்கொடிக்கு இன்று ஒரு நாள் அனுமதி வழங்கப்பட்டது. நாளைக் காலை உங்களை மீண்டும் கேட்போம்.'