மன்னிப்புக் கேட்காத உருளைக்கிழங்கு

முதலில் வம்புக்கு வந்தது உருளைக்கிழங்குதான். ருஷ்ய கிராமமொன்றின் நிலவறையில் அந்தோனவ்கா என்ற ரக ஆப்பிளை வைக்கோலில் கிடத்திய அன்றே, "வாடா புளிமூஞ்சி" என்றது.

அந்தோனவ்கா மரத்தில் இருக்கும்வரை புளிப்புதான். பறித்துப் போட்டு வைத்தால்தான் மணக்கும். "மன்னிப்புக் கேள். அதுவரை உன்னோடு பேச்சில்லை" என்று ஆப்பிள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

ஐம்பது நாளில் அறையே மணத்தது. பக்கத்தில் கிடந்த கிழங்கிலும் அந்த மணம் ஏறிவிட்டது. கூடையோடு வந்த வீட்டுக்காரி கிழங்கை மோந்து பார்த்து, "என்னமாய் மணக்கிறது" என்று எடுத்துக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போடா" என்று ஆப்பிள் கத்தியது.

"அவசரமாகக் கூப்பிடுகிறார்கள், புளிமூஞ்சி. திரும்பி வந்து கேட்கிறேன்" என்றது கிழங்கு.

மதியமே அது சூப்பில் வெந்தது.

ஆப்பிள் இன்னும் சுவரைப் பார்த்தே கிடக்கிறது. புதிதாகக் கிழங்கு வந்தால் மட்டும், "அவன் ஏதாவது சொல்லி அனுப்பினானா?" என்று கேட்கும்.